சிலையில் இல்லாத கைகள்

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டிராத அங்கத்தினர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராகப் பல்லாண்டு விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்த அவ்வெண்கலச் சிலை 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நால்வர் கூடிப் பெரும் பாறையொன்றைப் பெயர்க்கின்றனர். நரம்பு புடைக்கிறது, முதுகு வளைகிறது, கால் மண்ணில் ஊன்றுகிறது. 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய கடற்கரையில் இத்தகைய சிலை நிற்பது மிகவும் பொருத்தமே.

ஆயினும், ஒரு நெசவாளரோ நாற்று நடும் பெண்ணோ அச்சிலையின் முன் நின்று, 'இது என் வேலை' என்று சொல்ல இயலுமா? இயலாது என்பதே நமது அபிப்பிராயம். பாறை பெயர்ந்துவிட்டால் அவ்வேலை முடிந்தது. நம் வேலையோ என்றும் பெயராத பாறை. கணக்கிட்டுப் பார்ப்போம். அங்குலத்திற்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஆறு கஜச் சேலையின் 216 அங்குலத்திற்கு நாடா 12,960 முறை ஓடவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் காலால் ஒரு மிதி. பலகையால் ஓர் அடி. தவளக்குப்பத்தினின்று பாகூர் செல்லும் வழியில் நாம் காணும் நெல் வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 50 குத்து வீதம் கைநடவு செய்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 2 லட்சம் குத்துக்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கை சேற்றில் இறங்கி மேலேற வேண்டும். (இயந்திர நடவு பரவிவரும் இந்நாளில், நம் பேரப்பிள்ளைகள் இவ்வசைவை ஆட்ட அரங்கில்தான் காண்பரோ என்னவோ!) இதை எந்த வெண்கலத்தில் வார்ப்பது? சிலை ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அக்கணம் எத்தனையாவது முறை என்று அதனால் சொல்ல முடிவதில்லை.

மேனாட்டில் சில கலைஞர் இதனை உணர்ந்து, கல்லையும் உலோகத்தையும் விட்டுத் தம் உடலையே கருவியாக்கிக் கொண்டனர். தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த தெச்சிங் சியே என்பவர், ஆலைத் தொழிலாளர் வருகையைப் பதிக்கும் கடிகாரம் ஒன்றைத் தம் அறையில் வைத்துக்கொண்டார். 1980 ஏப்ரல் முதல் ஓராண்டுக் காலம், இரவும் பகலும், மணிக்கொரு முறை சீட்டில் நேரத்தைப் பதித்தார். 8,760 மணிகளில் தவறியவை 133. அவற்றுள் 94 உறக்கத்தால் தவறியவை. விளைந்த பொருள் யாதொன்றும் இல்லை. ஓராண்டு முழுதும் அவர் செய்தது எண்ணிக்கையில் நம் சேலை ஒன்றுக்கும் எட்டவில்லையே என்று நெசவாளர் நகைக்கலாம், நகைப்பது நியாயந்தான். கூலிக்காக அன்றித் தாமே விரும்பி ஏற்ற பணி அது என்பதையும் மறத்தலாகாது. ஆனால், தவறிய 133ஐயும் அவர் மறைக்காது குறித்து வைத்தாரே, அதனை நாம் மதிக்கிறோம். உடல் இயந்திரமன்று என்பதற்கு அக்குறிப்பு நேர்மையான சாட்சி.

நம் சங்கங்களுக்கு இன்னும் நெருங்கிய செய்தி மியர்ல் யூக்கிலிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியுடையது. குழந்தை பிறந்தபின், துடைப்பதும் துவைப்பதுமே தம் நாளை விழுங்கக் கண்ட அவர், இவ்வேலைகளே இனித் தம் கலை என்று 1969இல் அறிக்கை விடுத்தார். 1973இல் ஹார்ட்பர்டு நகரின் வாட்ஸ்வொர்த் கலைக்கூடத்து வாயிற்படிகளைப் பலர் காணக் கழுவித் துடைத்தார். பணியாட்கள் நாள்தோறும் செய்துவந்த வேலைதான். கலைஞர் செய்தபோதுதான் பிறர் கண்ணில் பட்டது.

நம் உழைப்பாளர் சிலையில் நால்வரும் ஆடவர். சிற்பியை மட்டும் குறை சொல்வானேன்? நம் கூலிப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். தார் இல்லாமல் நாடா ஓடாது. சிட்டா நூலைப் பிரித்து இராட்டையில் தார் சுற்றுபவர் பெரும்பாலும் நெசவாளரின் மனைவி அல்லது தாய். அவ்வுழைப்பும் ஒரே அசைவின் ஓயாத திருப்பமே. கூலியோ நெசவாளர் பெயரில் ஒரே தொகையாக எழுதப்படுவதே பெருவழக்கு. சுற்றியவர் பெயர் பதிவேட்டில் ஏறுவது அரிது.

தார் சுற்றுதலுக்கு ஒரு தனிப் பத்தி கோடிட்டு, அதற்குரிய தொகையைச் சுற்றியவர் பெயரிலேயே வரவு வைத்தல் வேண்டும் என்பது நம் கோரிக்கை. 'ஒரே வீட்டுப் பணந்தானே, எவர் பெயரில் எழுதினால் என்ன?' என்று சிலர் கேட்பர். வீடு ஒன்றுதான், ஆயினும் சங்கத்தில் வாக்கும் கடனும் சேமிப்பும் பெயரை ஒட்டியே வருகின்றன. நெசவுக் கூலியிலிருந்து இத்தொகையைப் பிடித்தலும் கூடாது. அவ்வாறு பிடித்தால் வீட்டுக்குள் பூசல்தான் மிஞ்சும். சேலையின் அடக்க விலையில் இதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். வாங்குவோர் சில ரூபாய் கூடுதலாகத் தர நேரலாம், தரட்டும். சுற்றிய நூலின் எடையை ஆதாரமாகக் கொண்டால் கணக்கு வைப்பதும் எளிது. நூல் வழங்கும்போது அதை நிறுத்துத்தான் தருகிறோம்.