கடலைக் கையால் படிக்கட்டும் குழந்தைகள்

புயல் ஓய்ந்த மறுநாள் சென்னையிலோ கடலூரிலோ தூத்துக்குடியிலோ கடற்கரையில் நடந்தால், அலை ஒதுக்கிய குப்பைக்கு நடுவே வெள்ளையாக, நீள்வட்டமாக, கையில் எடுத்தால் எடையே தெரியாத ஒரு பொருள் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் அதைக் 'கடல் நுரை' என்று விற்கிறார்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டுக் கம்பியில் செருகி வைப்பார்கள். உண்மையில் அது கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு. நான்கு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்க்கும், பிறகு நகத்தால் சுரண்டும். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் தொட்டாலே மாவாக உதிரும். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மிதக்கும், அழுத்திவிட்டால் மீண்டும் மேலே வரும். உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய அறைகள் இருப்பதுதான் காரணம். அந்த அறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்தே கணவாய் கடலில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்.

அந்த ஓட்டை நனைத்து (நனைத்தால் தூள் மூக்கில் ஏறாது), கூர்முனையை உடைத்துவிட்டு, ஒரு டீஸ்பூனைக் கொடுத்தால் குழந்தையே படகு குடைந்துவிடும். படகு கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதை மிதக்கவிட்டு, "இது ஏன் முங்க மாட்டேங்குது?" என்று கேட்கும் குழந்தை கணவாயைப் பற்றிக் கற்க வேண்டியதைக் கற்கத் தொடங்கிவிட்டது.

மழலையர் வகுப்புகளில் 'கடல்வாழ் உயிரினங்கள் வாரம்' இப்போது பரவலாகிவிட்டது. சுவரெங்கும் காகிதத் தட்டில் ஒட்டிய ஆக்டோபஸ், பஞ்சு ஒட்டிய பென்குயின், சிரிக்கும் டால்பின். முப்பது குழந்தைகள் செய்தவை முப்பதும் ஒரே அச்சு. வெட்டியது ஆசிரியர், ஒட்டியது ஆயா, மிச்சத்தை இரவு பத்து மணிக்கு முடித்தது அம்மா. குழந்தை செய்தது கண் பொட்டு வைத்தது மட்டுமே. இதில் யாருடைய உழைப்பையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குழந்தையிடம் அந்த விலங்கு எப்படி மூச்சு விடுகிறது, எதைத் தின்கிறது, எங்கே தூங்குகிறது என்று கேட்டால் பதில் வராது. எட்டுக் கை உண்டு என்பது மட்டும் வரும்.

ஒரு கைவேலை அந்த உயிரின் வாழ்க்கையில் ஒரு விஷயத்தையாவது குழந்தையின் கைக்குப் புரியவைக்க வேண்டும். புரியவைத்தால் அது பாடம். இல்லாவிட்டால் சுவர் அலங்காரம். அந்த உயிர் முதலில் நம் கரையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், பென்குயினும் பனிக்கரடியும் தெரிந்த குழந்தைக்குக் கடற்பசுவைத் தெரியாமல் இருப்பது சரியல்ல.

பங்குனி ஆமையிலிருந்து தொடங்கலாம். சோழமண்டலக் கரையில் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் கரையேறி முட்டையிடும் ஆமை இது. பின் துடுப்புகளால் மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடி, தன் உடலாலேயே மணலை அமுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வகுப்பில் ஒரு மணல் தொட்டி இருந்தால் போதும். களிமண்ணில் பிங்பாங் பந்து அளவுக்கு முட்டைகளைக் குழந்தைகளே உருட்டட்டும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பார்க்காமலே குழி தோண்டச் சொல்லுங்கள். தாய் ஆமையும் தான் தோண்டும் குழியைப் பார்ப்பதில்லை. நூறு வரை உருட்டுவதற்குள் எண்ணும் பாடமும் சேர்ந்துவிடும். பாதியில் சலித்து எழுந்து போகும் குழந்தையைத் தடுக்க வேண்டாம், திரும்பி வரும்.

அடுத்தது குஞ்சுகளின் பயணம். ஜன்னலைப் போர்வையால் மறைத்து அறையை இருட்டாக்க வேண்டும். ஒரு கோடியில் நீலப் புடவையைக் கட்டி, அதன் பின்னால் மங்கலாக ஒரு டார்ச். அதுதான் கடல். குழந்தைகள் பாயில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டும். உண்மையான குஞ்சுகளும் இப்படித்தான் போகின்றன. இரவில் கடல் பக்கத்து வானம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், அதை நம்பித்தான் நகரும். இரண்டாவது முறை, குழந்தைகள் பாதி தூரம் வந்ததும் எதிர்ப்பக்கத்தில் டியூப் லைட்டைப் போட்டுவிட வேண்டும். பலர் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். "கடலுக்குப் போகாம ஏன் ரோட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டால், "அங்கதானே டீச்சர் வெளிச்சம் இருக்கு" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு குழந்தையே, "லைட்டை ஆஃப் பண்ணுங்க டீச்சர்" என்று சொல்லிவிடும். கடற்கரைச் சாலை விளக்குகளால் குஞ்சுகள் திசை தவறிச் சாலைக்கு வந்துவிடுவதைப் பற்றி எத்தனை சுவரொட்டி அச்சடித்தாலும், அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

சென்னையில் 1988 முதல் மாணவர்களே முன்னின்று நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. பருவம் முழுதும் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் கரையோர மாவட்டங்களில் பொரிப்பகங்கள் நடத்துகிறது. குஞ்சுகளைக் கடலில் விடும்போது பொதுமக்களும் நின்று பார்க்க முடிகிறது. வகுப்பில் ஊர்ந்து விளையாடிய குழந்தை இதை நேரில் பார்த்தால், பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

மற்ற உயிர்களுக்கும் இப்படி வழிகள் உண்டு. கடல் குதிரையில் முட்டையைச் சுமப்பது தந்தை. ஆணின் வயிற்றில் உள்ள பைக்குள் பெண் முட்டையிட்டுவிடும், குஞ்சு பொரிந்து வெளியேறும் வரை ஆண்தான் சுமந்து திரியும். அட்டையில் கடல் குதிரை வரைந்து வயிற்றில் ஒரு காகிதப் பை ஒட்டி, உள்ளே கேழ்வரகைப் போட்டுக் குலுக்கச் சொன்னால் போதும். அன்று மாலை அம்மா அப்பா விளையாட்டிலும் மாறுதல் வந்துவிடும்.

துறவி நண்டுக்கு நாற்காலி சுற்றும் ஆட்டமே பொருத்தம். அதன் வயிற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும். காலிச் சங்குக்குள் நுழைந்துதான் பிழைக்க வேண்டும். வளர வளரப் பெரிய சங்கு தேட வேண்டும். வெவ்வேறு அளவில் அட்டைப் பெட்டிகளை வைத்து, பாட்டு நின்றதும் தனக்குப் பொருந்தும் பெட்டிக்குள் உட்கார வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு சுற்றிலும், "சுற்றுலா வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று ஆசிரியர் ஒரு பெட்டியை அகற்றட்டும். கடற்கரையில் சிப்பியும் சங்கும் பை நிறையப் பொறுக்கிவருவது ஏன் நல்லதல்ல என்று தனியாக விளக்கத் தேவையிருக்காது.

அம்மணி உழுவை என்று மீனவர்கள் சொல்லும் திமிங்கிலச் சுறா, மீன்களிலேயே பெரியது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. இந்த எண் குழந்தைக்கு ஒன்றும் சொல்லாது. இரண்டு பழைய புடவைகளைக் கோத்துத் தரையில் விரித்தால் சொல்லும். மீனின் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். கோலமாவைத் தொட்டு ஆளுக்கொரு பக்கம் புள்ளி வைக்கட்டும். வகுப்பு முழுதும் அதன் மேல் படுத்துப் பார்க்கட்டும். இவ்வளவு பெரிய மீன் தின்பது பெரும்பாலும் மிகச் சிறிய மிதவை உயிர்களைத்தான் என்று அப்போது சொன்னால், வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்துதான் அகர் வருகிறது. நோன்புக் காலத்தில் பல வீடுகளில் காய்ச்சும் 'கடல்பாசி' இனிப்பு அதுவே. அதைச் சர்க்கரை போடாமல் காய்ச்சிக் கிண்ணத்தில் உறையவைத்தால் ஜெல்லிமீனின் குடை தயார். ஒரு தொட்டித் தண்ணீரில் அதையும், கிழிந்த கேரி பேக் துண்டையும் மிதக்கவிட்டு, எது ஜெல்லிமீன் என்று கொஞ்சம் தள்ளி நின்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். குழந்தைகள் திணறுவார்கள். ஆமைகளும் இப்படித்தான் ஏமாந்து பிளாஸ்டிக்கை விழுங்குகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடை ஏன் வந்தது என்பதை மூன்று வயதிலேயே இப்படிப் புரியவைக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடலைப் பற்றிய கைவேலையில் தெர்மாகோலும் ஜிகினாத் தூளும் வேண்டாம். இரண்டுமே உதிர்ந்து, கழுவும் தண்ணீரோடு போய், கடைசியில் கடலில் சேரும் பொருட்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனைக்குத் தடை கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் களிமண், பனையோலை, தேங்காய் ஓடு, கோலமாவு, பழைய துணி எல்லாம் இருக்கின்றன. பனையோலையில் மீன் முடையத் தெரிந்த பாட்டிகள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதெல்லாம் புதிய தத்துவமும் அல்ல. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கையின் வேலை வழியாகவே குழந்தையின் அறிவு வளர்கிறது, முதலில் நிஜப் பொருள், படம் பிறகுதான் என்று அவர் வலியுறுத்தி வந்தார். அந்த வளாகத்தின் ஓரத்தில்தான் அடையாறு கடலில் கலக்கிறது. தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் இந்த வயதில் விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கிறது. அரசின் ஏட்டில் குறையில்லை. எழுதத் தெரியாத குழந்தையின் கையில் நான்கு கோடு நோட்டைத் திணிக்கச் சொல்லும் பெற்றோரின் அவசரமும், முப்பது குழந்தைகளை ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் நிலையும்தான் தடை. முதலாவதைப் பேசித் தீர்க்கலாம். இரண்டாவதற்கு ஆள் நியமித்தே ஆக வேண்டும்.

சாவைப் பற்றி என்ன சொல்வது என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இறந்து ஒதுங்கின. குழந்தைகளும் பார்த்தார்கள், கேட்டார்கள். மறைக்கத் தேவையில்லை. ஆமை நம்மைப் போலக் காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது, வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிவிடும் என்று சொன்னால் போதும். அத்தோடு, வலையை அறுத்துச் சிக்கிய ஆமையை விடுவிக்கும் மீனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கடற்கரைக் குப்பங்களின் அங்கன்வாடிக்கு வரும் குழந்தை வீட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே வளர்கிறது. நண்டில் ஆண் எது, பெண் எது என்று கேட்டால் வயிற்றைத் திருப்பிப் பார்த்துச் சொல்லும். அந்த அறிவுக்கு வகுப்பில் இடம் வேண்டும். அதன் தாத்தாவோ ஆத்தாவோ ஒரு நாள் வகுப்புக்கு வந்து வலை பின்னிக் காட்டினால், எந்த வரைபடமும் தராததைத் தந்துவிட்டுப் போவார்கள். பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பாலூட்டும் அந்த விலங்கைப் பற்றித் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளின் மீனவர்களை விட நன்றாகக் கதை சொல்ல யார் இருக்கிறார்கள்?

தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கடலோர மாவட்டங்கள் பதினான்கு. அந்த மாவட்டங்களின் மையங்களுக்காவது ஒரு மணல் தொட்டியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு பூதக்கண்ணாடியும் அரசு வழங்க வேண்டும். பணியாளர் பயிற்சியில் ஒரு நாளை மீன் இறங்குதளத்தில், மீனவப் பெண்களோடு கழிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தனியார் பள்ளிகள் சார்ட்டுக்கும் அலங்காரத்துக்கும் செலவிடும் பணத்தில், ஆண்டுக்கு ஒரு முறை குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகட்டும். ஆமைப் பருவம் ஜனவரியில் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே இந்த வேலைகளை முடிக்குமாறு சமூக நலத் துறையையும் பள்ளி நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.