உட்காருவதும் ஒரு பாடம்

2020 ஊரடங்குக்குப் பிறகு எங்கள் நங்கநல்லூரில் பல வீடுகளில் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடி, மறு மூலையில் லேப்டாப். முப்பது வயதுப் பிள்ளைகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் என்ன சொல்கிறோம்? "நாங்கள் நாற்பது வருஷம் உட்காரலையா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பில் வலு இல்லை." இது நியாயமில்லை என்பது என் கட்சி.

நம்மில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்கள். 'ஏ எஸ் டி எஃப்' அடிக்கும் முன்பே, முதுகை நிமிர்த்து, முழங்கையை உடம்போடு ஒட்டி வை, மணிக்கட்டை மெஷின் மேல் சாய்க்காதே என்றுதான் பாடம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. கூன் போட்டு உட்கார்ந்தால் அந்த வேகம் வராது. வரி முடிந்தால் கேரேஜைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாள் மாற்ற வேண்டும். விரலுக்கு அவ்வப்போது ஓய்வு கிடைத்தது.

லேப்டாப்பில் அது இல்லை. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்கு நேராக வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது.

பரிகாரத்துக்குப் பெரிய செலவில்லை. பைண்டு பண்ணிய பழைய புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை ஏற்றுங்கள். தனிக் கீபோர்டும் மவுஸும் சில நூறு ரூபாய்தான். கால் தரையில் படாவிட்டால் பரணில் கிடக்கும் மணையை இறக்கிப் போடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும். பைஃபோகல் போடும் நாம் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து வலிக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போனால் தைலம் தடவிக்கொண்டு இருக்க வேண்டாம். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் இதை எல்லாம் வேலை செய்பவர் தலையிலேயே கட்டுவது சரியா? கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் நம் மாநிலம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நிற்பவருக்கு நாற்காலி தருவது முதலாளி பொறுப்பு என்றால், வீட்டில் உட்கார்ந்து உழைப்பவருக்கு ஒழுங்கான நாற்காலியும் கீபோர்டும் தருவதும் அவர் பொறுப்புதானே? ஆபீஸ் வாடகையும் கரண்டும் மிச்சமாகும் கம்பெனிக்கு இது ஒரு செலவா? கேட்கத் தயங்காதே என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வலு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.