பழைய ஸ்டீரியோ பெட்டிகளை வாங்கலாமா?



தருமபுரியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பிழைப்பை நாடிப் பெங்களூரு செல்லும் நம் இளைஞர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் பழம்பொருள் கடைகளில் கண்ட சிலவற்றையும் உடன் கொணர்வதுண்டு. அவற்றுள் ஒன்று, 30 அல்லது 40 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவரின் கூடத்தை அலங்கரித்த ஸ்டீரியோ ஒலிபெருக்கிப் பெட்டி இணை. "இந்த விலைக்கு இப்படிப்பட்ட பெட்டி இனிக் கிடைக்காது, அப்பா!" என்கிறான் மகன். "ஊரார் கழித்துப் போட்டதை நாம் ஏன் காசு கொடுத்துச் சுமக்க வேண்டும்?" என்கிறார் தந்தை. இதனை எங்கே வைப்பது, யார் துடைப்பது என்பது தாயின் கவலை. அரை மாதச் சம்பளம் செலவாகும் காரியமாதலின் இது விளையாட்டுப் பேச்சன்று. மூவரில் எவர் கூற்று சரி என்பதைப் பெட்டியைத் திறந்து பாராமல் சொல்ல இயலாது என்பதே நமது கருத்து. பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே இம்மாதம் எழுதுகின்றோம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடலாம். பழைய தொலைக்காட்சிப் பெட்டி இன்று பயனற்றுப் போயிற்று. பழைய கணிப்பொறியும் அவ்வாறே. ஒலிபெருக்கி மட்டும் எவ்வாறு பயன்படும்? 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் சுருள் இயங்கும் ஒலிபெருக்கியைப் பற்றிய தம் ஆய்வுரையை வெளியிட்டனர். காந்தத்தின் இடுக்கில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் பாயுந்தோறும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. நூறாண்டுகள் ஆகியும் இல்லங்களிலுள்ள ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஆதலின் 1980-இல் நன்றாகச் செய்த பெட்டி, அதன் உறுப்புகள் கெடாதிருப்பின், இன்றும் நன்றாகவே பாடும். கெடாதிருப்பின் என்னும் அச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது.

இரு பெட்டிகளைக் கொண்டு இசையை இடமும் வலமுமாகப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ முறைக்கு இங்கிலாந்தின் ஆலன் புளும்லைன் 1931-இல் காப்புரிமை கோரினார். அது இசைத்தட்டுகளில் பரவ 1950-களின் இறுதி ஆயிற்று. தமிழ்த் திரைப் பாடல்களில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது 1978-இல் வெளியான 'பிரியா'. அந்நாளில் வெளிநாட்டு மின்னணுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஆகவே நம் வீடுகளில் இடம்பெற்ற பெட்டிகளை மூவகையாகப் பிரிக்கலாம். 1970-இல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், மற்றும் காஸ்மிக், பிலிப்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்நாட்டிலேயே செய்தவை முதல் வகை. அயல்நாட்டில் வேலை பார்த்தோர் பெட்டி படுக்கையோடு கொணர்ந்தவை இரண்டாம் வகை. மூன்றாம் வகையே எண்ணிக்கையில் மிகுதி எனலாம். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ உதிரி ஒலிபெருக்கிகளை வாங்கி, தச்சரிடம் பெட்டி செய்வித்து, ரேடியோ மெக்கானிக் பூட்டித் தந்தவை இவை.

மூன்றாம் வகையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. சில தச்சர்களின் தேக்குப் பெட்டி இன்றும் உளிபோல் உறுதியாக நிற்கின்றது. எனினும் அவற்றுள் பல, பெட்டியின் அளவுக்கும் உள்ளிருக்கும் ஒலிபெருக்கிக்கும் எக்கணக்கும் பாராமல் செய்யப்பட்டவை. முகப்பில் அயல்நாட்டுப் பெயர்த்தகடு ஒன்று ஒட்டியிருக்கும். உள்ளே வேறொன்று இருக்கும். பெயருக்காகப் பணம் கொடுக்குமுன், விற்பவரின் அனுமதியோடு நான்கு திருகாணிகளைக் கழற்றி உள்ளிருப்பதன் முதுகைப் பாருங்கள். காந்தத்தின் பின்புறம் முத்திரையும் ஓம் அளவும் அச்சிட்டிருக்கும். இரு பெட்டிகளிலும் அவை ஒன்றாக இருத்தல் வேண்டும். கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் வாங்காமலிருப்பதே நலம்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம்.

முன்பக்கத் துணித்திரையை அகற்றியவுடன், பெரிய கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையத்தைக் காணுங்கள். 1970-களுக்குப் பின் வந்த பல பெட்டிகளில் இவ்வளையம் ஃபோம் எனப்படும் நுரைப்பஞ்சினால் ஆனது. காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் வெளிச்சமும் அதனை மெல்ல மெல்லச் சிதைக்கும். பதினைந்து இருபது ஆண்டுகளில் அது பயன்படுத்தினாலும் கெடும், மூடி வைத்தாலும் கெடும். விரல் நுனியால் மெல்லத் தொட்டால் பொடியாய் உதிருமானால் அதன் ஆயுள் முடிந்தது என்பது பொருள். ரப்பர் வளையம் நெடுங்காலம் உழைக்கும். அதற்கும் முந்திய துணி வளையமும் மடிப்புக் காகித வளையமும் பெரும்பாலும் இன்றும் நலமாகவே இருக்கும். நுரை உதிர்ந்ததைக் கண்டு பலர் பெட்டியையே வெறுத்து ஒதுக்கிவிடுகின்றனர். இது தேவையற்ற அச்சம். வழக்கமான அளவுகளுக்குப் புதிய வளையம் தனியே விற்கின்றது. பழையதைச் சுரண்டி எடுத்து, சுருளை இடுக்கின் நடுவே நிறுத்தி, புதியதை ஒட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் குறை தீர்ந்தது. விற்பவரிடம் விலையைக் குறைக்க இதைவிட நல்ல காரணமும் உங்களுக்குக் கிட்டாது.

வளையத்தை அடுத்து, கூம்பின் நடுவில் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். ஓசையின்றிப் போய் ஓசையின்றித் திரும்ப வேண்டும். மணல் உரசுவது போன்ற ஒலி கேட்டால், சுருள் காந்தத்தின் சுவரில் உராய்கின்றது. அளவுக்கு மீறிய மின்சாரத்தால் சுருள் வெந்து உப்பியிருக்கலாம். அல்லது பெட்டி எங்கோ விழுந்து காந்தம் இடம் பெயர்ந்திருக்கலாம். இதற்கு மருந்தில்லை என்று சொல்லிவிட முடியாது. சுருளையும் கூம்பையும் புதிதாக மாற்றித் தருவோர் உள்ளனர். ஆயின் மாற்றியபின் அது பழைய ஒலிபெருக்கியன்று; பழைய சட்டத்தில் அமர்ந்த புதிய ஒலிபெருக்கி. அதற்காகப் பழமையின் விலையைக் கொடுப்பானேன்?

மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிச் செல்வது நன்று. உறுப்பின் கம்பியைப் பெட்டியினின்று பிரித்து அளந்தால், 8 ஓம் என்று எழுதிய ஒலிபெருக்கி ஏறக்குறைய 6 ஓமும், 4 ஓம் என்று எழுதியது 3 ஓமுக்குச் சற்று மேலும் காட்டும். குறைவாகக் காட்டுகிறதே எனக் கலங்க வேண்டாம். நேர்மின்னோட்டத்தில் அளப்பதால் அவ்வாறே இருக்கும். முள் அசையாவிடில் சுருள் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையெனில், டார்ச்சுக்கு இடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். இரு கம்பிகளை அதன் இரு முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் கூம்பு துள்ளும்.

உயர்ந்த சுரங்களுக்கான சிறிய ட்வீட்டரே முதலில் உயிர் விடுவது. வலிமை குன்றிய ஆம்ப்ளிஃபயரை முழு அளவில் திருகி வைத்தால், அதிலிருந்து வரும் சிதைந்த மின்னலை ட்வீட்டரின் மெல்லிய சுருளைச் சுட்டுவிடும். திருமண வீடுகளுக்கு இரவல் போய் வந்த பெட்டிகளில் இதனைக் காணலாம். ட்வீட்டரின் நடுவே உள்ள சிறு குமிழ் உட்குழிந்திருப்பின் அது யாரோ ஒரு குழந்தையின் விரல் செய்த வேலை. பார்வைக்கு வருத்தமளிப்பினும் ஒலியில் பெரும் குறை இராமலும் இருக்கலாம். ஆனால் ட்வீட்டர் அறவே செத்திருந்து அதே வகை மாற்று கிடைக்காதெனில், அந்த இணையை விட்டுவிடுங்கள். ஒன்றில் ஒரு வகையும் மற்றதில் வேறு வகையுமாக வைத்துக் கேட்பது, இரு காலில் இரு வேறு செருப்பணிந்து நடப்பது போலாகும்.

பெட்டியின் உள்ளே சுரங்களைப் பிரித்தனுப்பும் சிறு பலகையில் கண்டென்சர்கள் இருக்கும். மின்பகுபொருள் உள்ளவை பல்லாண்டுகளில் உலர்ந்து அளவு மாறிவிடும். அவற்றை மாற்றுவது சிறிய செலவே. ஆனால் கூட்டல் கழித்தல் முனை வேறுபாடு உள்ள சாதாரண வகையைப் பொருத்திவிடாமல், முனை வேறுபாடற்ற வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் மாவட்டத்தில் ஈரத்தைவிடக் கரையானே பெரும் பகை. பெட்டியின் அடிப்புறத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ஒலி உள்ளீடற்று மாறினால் ஐயுறுங்கள். மரத்தூள் பலகையாயின், தரை துடைத்த நீர் ஏறி ஓரம் ஊறிய ரொட்டி போல் உப்பியிருக்கும். முகப்பிலுள்ள காற்றுத் துவாரத்தினுள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி குடித்தனம் நடத்தியிருக்கும்.

விற்பனையாளர்கள் சொல்லும் சில சொற்களுக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டும். "இது அல்நிக்கோ மேக்னட், சார்" என்று கூறி விலையை இரட்டிப்பர். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தமே அது. 1977, 1978 ஆண்டுகளில் அந்நாளைய ஜயர் நாட்டின் ஷாபா மாநிலத்தில் மூண்ட போரினால் கோபால்ட்டின் விலை பன்மடங்கு ஏறியது. ஒலிபெருக்கி செய்வோர் பலர் மலிவான ஃபெரைட் காந்தத்துக்கு மாறினர். இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் அத்தொலைநாட்டில் நடந்த போர், நம் கூடத்துப் பாட்டுப் பெட்டியின் முதுகை மாற்றியமைத்தது என்பது வியப்பன்றோ! ஆயினும் நன்றாக அமைந்த ஃபெரைட் காந்தம் எவ்வகையிலும் இழிந்ததன்று. காந்தத்தின் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

மற்றொன்று வாட்ஸ். 1990-களில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அட்டையில் அச்சிட்டு விற்றனர். அவ்வெண்ணுக்கு ஒழுங்கான அளவுமுறை ஏதும் இல்லை. பார்க்க வேண்டியது டெசிபல் கணக்கு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 92 டெசிபல் தரும் பெட்டிக்கு ஒரு வாட் போதுமான இடத்தில், 86 டெசிபல் தரும் பெட்டிக்கு 4 வாட் வேண்டும். பழைய பெரிய பெட்டிகளில் பல முதல் வகையைச் சார்ந்தவை. சிறிய ஆம்ப்ளிஃபயரே அவற்றுக்குப் போதும்.

பங்குகளிலும் பள்ளிகளிலும் பழைய ஒலிபெருக்கிகளைக் கழிக்கும்போது வாங்கிவர எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1940 முதல் வழங்கும் அகுஜா போன்ற பொது ஒலிபெருக்கி வகைகளில் பல, நீண்ட கம்பியில் 100 வோல்ட் முறையில் இயங்க உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தியவை. அவற்றை வீட்டு ஆம்ப்ளிஃபயரில் நேரே இணைத்தால் ஒலி நலிந்தே வரும். குழல் ஒலிபெருக்கியோ பேச்சு ஊர் முழுதும் கேட்கப் பிறந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலியை அதில் எதிர்பார்த்தல் ஆகாது.

எல்லாம் பார்த்தபின் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, கேட்கும் விலை 6,000 ரூபாய் என்றும், வளையமும் கண்டென்சரும் கூலியும் 2,500 என்றும், போக்குவரத்து 500 என்றும் வைத்துக்கொள்வோம். பெட்டியின் விலை 9,000. ஆம்ப்ளிஃபயர் இல்லாத வீடாயின் அதன் விலையும் சேரும். இத்தொகைக்குக் கிடைக்கும் புதிய பெட்டியை ஒருமுறை கடையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எட்டங்குல வூஃபர் உள்ள பழைய பெட்டி, உறுப்புகள் மூலப்படியே இருந்து சுருள் நலமாக இருப்பின், அவ்விலைக்குக் கிடைக்கும் புதிய சிறு பெட்டிகளைத் தோற்கடிக்கக்கூடும் என்பதே நம் துணிபு. தச்சர் பெட்டியாயின் இதில் பாதி விலைக்கு மேல் கொடுக்க நாம் சொல்லமாட்டோம். சுருள் உராய்வதாயின் இலவசமாகத் தந்தாலும் பேருந்துக் கட்டணம் நட்டம்.

கேட்டுப் பார்க்கையில் விற்பவர் ஒலியை உயர்த்தியே வைப்பார். குறைக்கச் சொல்லுங்கள். உராய்வும் கரகரப்பும் தாழ்ந்த ஒலியிலேதான் வெளிப்படும். பாட்டுக்கு முன் கைப்பேசியில் செய்தி வாசிப்பு ஒன்றை ஒலிக்கச் செய்து, இரு பெட்டிகளுக்கும் எதிரே நடுவில் நில்லுங்கள். வாசிப்பவர் இரண்டுக்கும் இடையே நின்று பேசுவது போல் குரல் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகின்றதெனத் தெரியாமல் பரவிக் கேட்டால், ஒரு பெட்டியின் இரு கம்பிகளை மட்டும் இடம் மாற்றிக் கேளுங்கள். குரல் நடுவுக்கு வந்துவிட்டால் கம்பிதான் மாறியிருந்தது. அப்போதும் ஒரு பக்கமே சாய்ந்தால், இடவலக் கம்பிகளை ஆம்ப்ளிஃபயரில் மாற்றிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஆம்ப்ளிஃபயரினது, மாறாவிடில் பெட்டியினது.

வாங்கிவிட்டீர்களாயின், பேருந்தின் மேற்கூரையில் போட்டுவிடாதீர்கள். தொப்பூர்க் கணவாயில் ஒரு குலுக்கல் போதும், ஒட்டியிருக்கும் காந்தம் நகர. கூம்பு வானம் பார்க்கப் படுக்க வைத்து, மேலே ஓர் அட்டையும் அதன்மேல் ஒரு போர்வையும் இட்டு, இருக்கையின் அருகிலேயே கொண்டுவாருங்கள்.