ஐந்து எச்.பி. மோட்டாரும் ஒரு கும்பகர்ணனும்

‘எம்.பி.சி.பி. என்பது விற்பனைக்காரர்கள் கட்டிவிட்ட கதை; நாற்பது வருஷமாக மோட்டாருக்கு எம்.சி.பி. போட்டுத்தான் பேனல் கட்டுகிறேன்’ என்று ஒரு கட்டுரையில் முழங்கியிருக்கிறார், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட நம் பெரியவர். ஒரே பிழையை நாற்பது வருஷம் செய்தால் அதற்கு அனுபவம் என்றா பெயர்?

அவருடைய சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 5 எச்.பி. மோட்டார், 415 வோல்ட், முழுச்சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர்; ‘இரண்டால் பெருக்கு, 16 ஆம்பியர் சி-கர்வ் எம்.சி.பி. போடு, வேலை முடிந்தது.’ முடிந்தது மோட்டாரின் கதை. எம்.சி.பி. வயரைக் காக்கப் பிறந்த பிறவி, ஐ.இ.சி. 60898 தரப்படி, தன் அளவில் 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் அது டிரிப் ஆகியே தீர வேண்டும் என்ற கட்டாயம். ஒரு ஃபேஸ் போனால் மிச்சம் இரண்டிலும் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்காகி 13 ஆம்பியரைத் தொடும். உள்ளே வைண்டிங் வறுபட, வெளியே 16 ஆம்பியர் கும்பகர்ணன் புரண்டுகூடப் படுக்க மாட்டான். காண்டாக்டரோடு ஓவர்லோட் ரிலேயையும் சேர்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது பழைய, நாணயமான ஏற்பாடு. பெரியவர் பட்டியலில் ரிலேயையும் காணோம்.

அடுத்த குற்றச்சாட்டு, மோட்டாரைக் காக்கவே பிறந்த பிரேக்கரான எம்.பி.சி.பி. ஸ்டார்ட்டிங்கிலேயே விழுந்துவிடுமாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்! 6.3–10 ஆம்பியர் டயல் உள்ளதில் காந்த டிரிப் வழக்கமாக மேலெல்லையின் 13 மடங்கில், 130 ஆம்பியர் வாக்கில், இருக்கிறது. நேரடி ஸ்டார்ட்டில் ஆறேழு மடங்கு இழுக்கும் மோட்டாரோ 50 ஆம்பியர் சொச்சத்தில் நிற்கிறது. அப்படியும் விழுகிறதென்றால் கனத்த புளோயர் போன்ற சுமை வேகம் பிடிக்க நேரம் எடுக்கிறது என்று பொருள், 7.2 மடங்கில் 10 வினாடிக்குள் விழும் கிளாஸ் 10-ஐ விட்டு, 20 வினாடி வரை பொறுக்கும் கிளாஸ் 20-ஐக் கேட்டு வாங்குவதே மருந்து. பெரியவர் வைத்தியம் வேறு: ‘எதிர்காலத்துக்கும் உதவும், 10–16 வாங்கு.’ அந்த டயல் பத்துக்குக் கீழே இறங்கவே இறங்காதே ஐயா, 7.5 ஆம்பியர் மோட்டாரை அதில் எங்கே வைப்பீர்கள்? காவலுக்கு ஆள் வைத்துவிட்டு அவன் கண்ணைக் கட்டுவானேன்?

இதைவிட ருசியான இடம் ஒன்று உண்டு. ‘என் பேனலில் மோட்டார் ஓவர்லோடே ஆகாது’ என்று தொடையைத் தட்டியவர், இரண்டு பத்தி தள்ளி, ‘அடிக்கடி விழுந்தது, டயலை ஏற்றினேன், சரியாகிவிட்டது’ என்கிறார். ஓவர்லோடே ஆகாத மோட்டாருக்கு விழுந்தது எதற்கு? டயலை ஏற்றியதும் சரியானது மோட்டாரா, அவருடைய தூக்கமா?

பேதைமை என்று இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. ரிலேயில்லாத எம்.சி.பி. மலிவு, மலிவில் கொட்டேஷன் இறங்கும், கொட்டேஷன் இறங்கினால் ஆர்டர் வரும். ஆர்டர் அவருக்கு, ரீவைண்டிங் பில் ஆலைக்காரருக்கு. பிரேக்கிங் கெப்பாசிட்டி பற்றி ஒரு வரிகூட அவர் எழுதாததற்கும் காரணம் இதுதானோ என்னவோ.

பேனல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பணம் கொடுக்கும் முன் மோட்டார் நேம்பிளேட்டில் உள்ள ஆம்பியரும் டயலில் வைத்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்டார்-டெல்டாவில் ரிலே டெல்டாவுக்குள் இருந்தால் அந்த எண் 0.58 மடங்காக இருக்க வேண்டும். பார்க்க டயலே இல்லையென்றால் பேனலைத் திருப்பி அனுப்புங்கள்.