யார் செய்தது என்று கேளுங்கள்

எட்டாவது படிக்கும் பேரன் போன வாரம் ஆங்கில நோட்டை நீட்டினான். ஆக்டிவ் வாய்ஸில் இருக்கும் இருபது வாக்கியங்களைப் பாசிவ் வாய்ஸுக்கு மாற்ற வேண்டுமாம். ‘ராமா கில்டு ராவணா’ என்பது ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’ ஆக வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன் எனக்கும் இதே ராமன், இதே ராவணன்தான்!

“எதுக்குத் தாத்தா மாத்தணும்?” என்றான்.

நியாயமான கேள்வி. எனக்கும் யாரும் பதில் சொன்னதில்லை. முன்னால் இருப்பதைப் பின்னால் போடு, ‘பை’ சேர், வினையின் மூன்றாவது வடிவத்தை எழுது, மார்க்கை வாங்கு. அவ்வளவுதான் பாடம்.

இப்படிப் படித்ததால்தான் நம்மில் பலர் ‘ஹி வாஸ் டைட்’ என்று எழுதுகிறோம். சாவதற்கும் வருவதற்கும் செயப்படுபொருள் கிடையாது. ஆகவே பாசிவும் கிடையாது. ‘கோ, வென்ட், கான்’ என்று ஒப்பிக்க வைத்தவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லித் தரவில்லை.

அந்த ‘பை’ இருக்கிறதே, அது இன்னும் பெரிய கூத்து. ஆங்கிலத்தில் பெரும்பாலான பாசிவ் வாக்கியங்களில் அது வருவதே இல்லை. ‘மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்’. திருடன் யாரென்று தெரிந்தால் சொல்ல மாட்டோமா? செய்தவர் தெரியாதபோது, முக்கியமில்லாதபோது, சொல்ல மனமில்லாதபோது பாசிவ் வருகிறது.

அந்த மூன்றாவது காரணத்தால்தான் எனக்கு ஆத்திரம். ஓய்வு பெற்றபின் நிலுவைத் தொகை கேட்டு எழுதினேன். ‘யுவர் கிளெய்ம் ஹாஸ் பீன் ரிஜெக்டட்’ என்று பதில் வந்தது. நிராகரித்தது யார்? யாரைப் போய்ப் பார்ப்பது? கடிதத்தில் ஆளே இல்லை. என் தலையிலும் குட்டிக்கொள்கிறேன்: குமாஸ்தாவாக முப்பது வருஷம் ‘இட் இஸ் ரிக்ரெட்டட்’ என்று நானும் எழுதித் தள்ளியவன்தான். வருத்தப்பட்டது யார்? ஒருவரும் இல்லை.

பாசிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையில், ஆக்டிவில் சொல்ல முடிந்ததைப் பாசிவில் சொல்லாதே என்றார். அதே கட்டுரையில் அவரே பாசிவை ஏராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார். தேவைப்படும் இடத்தில் அது வேண்டியதுதான்.

பேரனிடம் கேட்டேன்: “நேத்து டம்ளர் என்னடா ஆச்சு?”

“உடைஞ்சு போச்சு தாத்தா.”

“உடைஞ்சுதா, உடைச்சியா?”

சிரித்துவிட்டான். தமிழில் இது பாசிவ் இல்லைதான். ஆனால் ஆளை மறைக்கும் வித்தை அதேதான். ஆசிரியர்களே, இருபது வாக்கியங்களை மாற்றச் சொல்வதற்குப் பதில் இரண்டைக் கொடுத்து, “இதில் யார் காணாமல் போனார், ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வரும். நாளைக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வந்தால் எதிர்த்துக் கேள்வி கேட்கவும் வரும்.