ஓபெத் இசைக்கு எது தோற்றுவாய்?

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1990இல் உருவான ஓபெத் என்னும் இசைக்குழு, 1995இல் வெளியான 'ஆர்க்கிட்' தொடங்கி 2024இல் வெளியான 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' வரை பதினான்கு இசைத்தொகுப்புகளைத் தந்திருக்கிறது. வில்பர் ஸ்மித்தின் புதினம் ஒன்றில் வரும் கற்பனை நகரின் பெயரைச் சற்றே மாற்றித் தனக்குச் சூட்டிக்கொண்ட குழு அது. புரோக்ரசிவ் மெட்டல் என்னும் வகைமையில் இலக்கிய வாசகர் ஒருவர் ஒரே ஒரு குழுவை மட்டும் கேட்பதாயின், அது ஓபெத்தாக இருக்கட்டும் என்பது நம் பரிந்துரை. உடனே எழும் வினா, பதினான்கில் எதிலிருந்து தொடங்குவது என்பதுதான்.

இவ்வினாவுக்குப் பலரும் தயங்காமல் தரும் விடை ஒன்று உண்டு: 2003இல் வந்த 'டாம்னேஷன்'. எட்டுப் பாடல்கள், முக்கால் மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு, உறுமல் குரல் ஓரிடத்திலும் இல்லை, மெலோட்ரானின் மங்கிய ஒலியும் மென்மையான கிதாரும் துயரம் தோய்ந்த தெளிந்த குரலுமே நிறைந்தவை. மாலை வேளையில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அழகான தொகுப்பு, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதிலிருந்து தொடங்குக என்று சொல்வதை நாம் மறுக்கிறோம். அம்மறுப்பின் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எதை மறைப்பதற்காக இப்பரிந்துரை செய்யப்படுகிறது என்று பார்ப்போம். ஓபெத்தின் தலைவரும் பாடகருமான மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டுக்குக் குரல்கள் இரண்டு. ஒன்று, நாட்டுப்புறக் கதைப்பாடகனுடையது போன்ற இளகிய குரல். மற்றொன்று, டெத் மெட்டல் மரபிலிருந்து வந்த, அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல். முதன்முறை கேட்பவர்கள் இவ்வுறுமலைக் கேட்ட அளவில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "இது இசையா, இரைச்சலா?" என்கிறார்கள். எனவே நண்பர்கள் அதை ஒளித்துவைத்துவிட்டு இனியதை மட்டும் முதலில் ஊட்டுகிறார்கள்.

கலிங்கத்துப்பரணியை ஒரு மாணவனுக்கு அறிமுகப்படுத்தும் ஆசிரியர், கடைதிறப்பை மட்டும் நடத்திவிட்டு, "பரணி என்றால் இதுதான்" என்று நூலை மூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஊடிய மகளிரைக் கதவு திறக்க அழைக்கும் அப்பகுதி இனிமையானதுதான். ஆனால் காடும் கோயிலும் பேய்களும் போரும், கடைசியில் களத்தில் பேய்கள் கூழடும் அந்த அருவருப்பின் பெருவிருந்தும் இல்லாமல் பரணி ஏது? செயங்கொண்டார் கடைதிறப்பை முன்னே வைத்தது, பின்னே வரும் களத்தின் அச்சத்தை விட்டுவிடுவதற்காக அன்று; அவ்வச்சத்துக்கு எடை கூட்டுவதற்காக. அச்சம், இளிவரல், வெகுளி ஆகியவற்றையும் மெய்ப்பாடுகளாக எண்ணிய தொல்காப்பியத்தைப் படித்த நாம், இசையில் மட்டும் உவகையும் அழுகையும் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்? சுடுகாட்டையும் அங்கு ஆடும் பேய்களையும் பாடிய காரைக்கால் அம்மையாரை வணங்கும் மரபில் வந்தவர்களுக்கு உறுமல் குரல் அத்துணை அந்நியமானதாக இருக்க வேண்டியதில்லை.

இனிமையானதிலிருந்து தொடங்கினால் பிறகு கடினமானதற்கு வந்துசேர்வார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் நியாயம் சிறிது உண்டு. அவ்வாறு வந்துசேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பறையில் இருபதாண்டுக் காலம் நாம் கண்டது வேறு. கதைச்சுருக்கத்தில் தொடங்கிய மாணவர்களில் பெரும்பாலோர் கதைச்சுருக்கத்திலேயே தங்கிவிடுகிறார்கள். மூலச் செய்யுள் பின்னர் வரும்போது, அது நூலாகத் தோன்றுவதில்லை. சுருக்கத்துக்கு நேர்ந்த இடையூறாகத் தோன்றுகிறது. 'டாம்னேஷன்' கேட்டு ஓபெத்தை விரும்பியவருக்கும் இதுவே நேர்கிறது. அடுத்த தொகுப்பில் உறுமல் வரும்போது, தாம் அறிந்த குழுவை யாரோ கெடுத்துவிட்டதாக அவர் உணர்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 'டாம்னேஷன்' தனித்து நிற்கும் தொகுப்பன்று. 2002 நவம்பரில் வெளியான 'டெலிவரன்ஸ்' அதன் இரட்டை. இரண்டும் ஒரே காலத்தில் பதிவு செய்யப்பட்டவை; போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் இரண்டிலும் பங்காற்றினார். குழுவின் வன்மையெல்லாம் ஒன்றிலும் மென்மையெல்லாம் மற்றொன்றிலும் எனப் பிரித்து வைத்த அரிய சோதனை அது. 'டெலிவரன்ஸ்' என்னும் தலைப்புப் பாடல் பதின்மூன்றரை நிமிட நீளமுடையது; அதன் இறுதி நிமிடங்களில் கிதாரும் முழவும் ஒரே தாளக்கட்டை மீண்டும் மீண்டும் அறைந்துகொண்டே செல்கின்றன. அதைக் கேட்டு முடித்து 'டாம்னேஷ'னுக்குள் நுழைபவருக்கு அந்த அமைதியின் பொருளே வேறு. போர் ஓய்ந்த களத்தின் அமைதி அது. முன்னதைக் கேளாதவருக்கு அது வெறும் தாலாட்டு.

காலவரிசைப்படி கேட்கலாமே என்பார் சிலர். ஆய்வாளருக்கு அது தக்க வழி, புதியவருக்கு அன்று. 'ஆர்க்கிட்', 'மார்னிங்ரைஸ்' (1996) என்னும் முதலிரண்டும் திறமை பொங்கி வழியும் இளமையின் ஆக்கங்கள். 'மார்னிங்ரைஸ்' தொகுப்பில் இருப்பவை ஐந்தே பாடல்கள். அவற்றுள் ஒன்று இருபது நிமிடங்களைத் தாண்டுகிறது. அழகிய பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதில்லை. மூன்றாவதான 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' (1998) தமிழ் வாசகருக்குத் தனி வியப்பைத் தரும். இறந்தவன் ஆவியாகத் தன் காதலியைச் சூழ்ந்து திரியும் கதையைச் சொல்லும் அத்தொகுப்பில், ஒரு பாடலின் வரிகள் முடியும் சொல்லே அடுத்த பாடலின் தலைப்பாக அமைகிறது. நம் அந்தாதியைப் பற்றி ஏதும் அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஒருவர், தொடர்ச்சியை வேண்டித் தாமே அந்தாதியை வந்தடைந்திருக்கிறார். எனினும் அதன் ஒலிப்பதிவு கரடுமுரடானது. இரண்டாம் சுற்றில் கேட்கத்தக்கது.

அப்படியானால் தொடக்கம் எது? 1999இல் வெளியான 'ஸ்டில் லைஃப்' என்பது நம் துணிபு.

காரணம் எளிது. அது ஒரு கதை. ஊராரின் சமயநம்பிக்கையை ஏற்காததால் விலக்கப்பட்ட ஒருவன், பல்லாண்டுகள் கழித்து மெலிண்டா என்னும் தன் காதலியைத் தேடித் திரும்புகிறான். அவளோ இப்போது அச்சமயத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவள். உள்ளத்தில் காதல் இன்னும் அணையவில்லை என்று அவள் சொல்லும் தருணத்துக்குப் பின் கதை விரைந்து சரிகிறது: அவள் கொல்லப்படுகிறாள், அவன் வெறிகொண்டு பழிவாங்குகிறான், முடிவில் ஊர் அவனுக்கு மரண தண்டனை அளிக்கிறது. ஏழு பாடல்கள், ஒரு மணிநேரத்துக்குச் சற்றே மேல்.

இக்கதைக்குள் இரண்டு குரல்களும் எங்கெங்கே வருகின்றன என்று கவனித்தால், உறுமல் எதற்காக என்னும் வினாவுக்கு விடை தானே கிடைத்துவிடும். மூன்றாவது பாடலான 'பினைட்டட்' முழுவதும் மென்கிதாரும் தெளிகுரலுமாக, கெஞ்சலும் அழைப்புமாக நகர்கிறது. ஐந்தாவதான 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா', காதலர் சந்திக்கும் பாடல். ஜாஸ் இசையின் சாயலில், முழவின்மேல் தூரிகை வருடுவது போலத் தொடங்கிப் பின்னர் கனக்கிறது. குரல் மட்டும் தெளிவாகவே நிற்கிறது. அவளை இழந்தபின் வரும் 'செரினிட்டி பெயின்டட் டெத்' பாடலில் அந்தத் தெளிவு உடைகிறது. மனிதச் சொல்லால் இனித் தாங்க முடியாத ஒன்றை அந்த உறுமல் தாங்குகிறது. முன்பு இரைச்சலாகத் தோன்றியது அங்கே கதாபாத்திரத்தின் குரலாகிவிடுகிறது. கதையின் கையைப் பிடித்துக்கொண்டு இசைக்குள் நடக்கலாம் என்பதால்தான் இலக்கிய வாசகருக்கு இத்தொகுப்பை முன்வைக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உறுமலில் சொற்கள் எளிதில் பிடிபடா. உரையின்றிச் சங்கப் பாடலுக்குள் நுழைய நாம் யாரையும் கேட்பதில்லை, இங்கும் அவ்வாறே. ஒரே அமர்வில் முழுவதையும் கேட்பது நன்று. ஒருமுறை கேட்டுத் தீர்ப்பெழுதாமல் மூன்று முறையாவது கேட்பது அதனினும் நன்று.

'ஸ்டில் லைஃப்' வசப்பட்டபின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001). ஸ்டீவன் வில்சன் தயாரிப்பாளராக இணைந்த முதல் தொகுப்பு இது. பலரும் இதையே குழுவின் உச்சம் என்பர். நாமும் அக்கருத்துக்கு நெருங்கியவர்களே. ஆயினும் இங்கே முழுத் தொகுப்பையும் இணைக்கும் கதைச்சரடு இல்லை. வன்மையும் மென்மையும் ஒரே பாடலுக்குள் மூச்சுவிடுவதுபோல் மாறிமாறி வரும். 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' என்னும் ஏறத்தாழ 11 நிமிடப் பாடல் அதற்குச் சிறந்த சான்று. கதையின் துணையோடு பழகிய காதுக்கு இப்போது கதை தேவைப்படாது. மூன்றாவதாக, இரட்டையரான 'டெலிவரன்'ஸையும் 'டாம்னேஷ'னையும் அதே வரிசையில் அடுத்தடுத்த நாள்களில் கேட்கலாம். நான்காவதாக, விசைப்பலகைக் கலைஞர் பேர் விபெரி முழு உறுப்பினராகச் சேர்ந்து ஒலிக்கு அகலம் தந்த 'கோஸ்ட் ரெவெரீஸ்' (2005).

இவ்வரிசையில் வந்தவருக்கே பிற்கால ஓபெத்தின் சிக்கல் விளங்கும். 'வாட்டர்ஷெட்' (2008) தொகுப்புக்குப் பின், 2011இல் வந்த 'ஹெரிடேஜ்' முதல் ஓகர்ஃபெல்ட் உறுமலைக் கைவிட்டார்; 1970களின் புரோக்ரசிவ் ராக் பக்கம் முழுமையாகத் திரும்பினார். கேட்போர் இரு கூறாயினர். துரோகம் என்றனர் ஒரு சாரார். முதிர்ச்சி என்றனர் மறுசாரார். 'பேல் கம்யூனியன்' (2014), 'சார்சரஸ்' (2016), சுவீடிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக வந்த 'இன் காடா வெனினம்' (2019) என அப்பயணம் நீண்டது. பிறகு 2024இல், பதினாறு ஆண்டுகளுக்குப் பின், ஒரு புதிய தொகுப்பில் உறுமல் மீண்டது. அதுவும் ஒரு கதைத் தொகுப்பில்! குடும்பத் தலைவர் ஒருவர் விட்டுச்சென்ற உயில் படிக்கப்படும் கதை. ஏழு பாடல்களுக்கு உயிலின் பத்தி எண்களே தலைப்பு. இறுதிப் பாடலுக்கு மட்டுமே பெயர் உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் அதில் விருந்தினராகப் பங்கேற்றிருக்கிறார். கதை திரும்பியபோது உறுமலும் திரும்பியது தற்செயல் அன்று என்றே நாம் கருதுகிறோம். இறந்தவரின் அதிகாரம் உயிருள்ளோர் மீது இறங்கும் கணத்துக்கு வேறு எந்தக் குரல் பொருந்தும்?

'டாம்னேஷ'னில் தொடங்கி அங்கேயே நின்றவருக்கு 2011இல் என்ன இழக்கப்பட்டது என்பதும் தெரியாது, 2024இல் என்ன திரும்பியது என்பதும் தெரியாது. அவர் இழப்பது ஒரு குழுவின் வரலாற்றை மட்டுமன்று. கடினமான ஒன்றின் முன் சற்றுப் பொறுத்து நின்றால் அது பொருள்தரும் என்னும் அனுபவத்தையும் அவர் இழக்கிறார். நூலாயினும் இசையாயினும் நம் வாசகருக்கும் மாணவருக்கும் நாம் கையளிக்கக்கூடியது அந்தப் பொறுமை ஒன்றே. அதை அவர்களால் தாங்க இயலாது என்று முன்கூட்டியே முடிவுகட்டி இனிப்பை மட்டும் நீட்டுவதை அன்பென்று சொல்ல நமக்கு மனமில்லை.

எனவே 'ஸ்டில் லைஃப்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். முதல் பாடலில் இரண்டாம் நிமிடம் கடந்து உறுமல் எழும்போது நிறுத்திவிட வேண்டாம். திரும்பி வந்தவன் பேசத் தொடங்குகிறான். அவன் சொல்வதைச் சற்றுக் கேளுங்கள்.