மூளைக்கும் ஒரு கடிவாளம்



பிறந்து மூன்று நாளான பிள்ளை. நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய பிள்ளை திடீரென விறைக்கிறது, முகம் நீலம் பாய்கிறது, கை கால் வெட்டி இழுக்கிறது. அப்போது வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் லெப்பையைக் கூட்டி வரச் சொல்வார். இன்னொருவர் திறப்புக் கோவையைத் தேடி ஓடுவார். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. துஆ நம் ஈமானோடு சேர்ந்தது. ஆனால், ஓதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அல்லவா? உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் கால் தயங்காது.

நம் மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு பற்றரி. கலத்தின் உள்ளே பொற்றாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். செய்தி ஒன்று வந்ததும் சோடியக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய, மின் துடிப்பு எழுகிறது. உடனே பொற்றாசியக் கதவுகள் திறக்கின்றன. பொற்றாசியம் வெளியேறக் கலம் அமைதியடைகிறது. ஓரிரு மில்லிசெக்கனில் எல்லாம் முடிந்துவிடும். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952இல் கணவாயின் தடித்த நரம்பைக் கொண்டு இதை விளக்கினார்கள். 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

பொற்றாசியக் கதவுகள் பல வகை. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இம்முறை சொல்ல வந்தேன். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது ஒன்று. பொங்கி வரும்போதே தீயைத் தணிப்பது வேறு. இந்தக் கதவு இரண்டாவது வேலையைச் செய்கிறது. துடிப்பு எழுமுன்பே மெல்லத் திறந்து, கலம் வீணாகத் துடிக்காமல் இழுத்துப் பிடிக்கிறது. பிரவுண், அடம்ஸ் என்ற இருவர் 1980இல் தவளையின் நரம்புக் கலத்தில் இதைக் கண்டறிந்தார்கள். இந்தக் கடிவாளம் தளர்ந்தால் கலங்கள் கூட்டங்கூட்டமாக ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கும். வலிப்பு என்பது அதுதான்.

பிறந்த சில நாட்களில் வந்து, சில மாதங்களில் தானே நின்றுவிடும் ஒருவகை வலிப்பு சில குடும்பங்களில் தலைமுறையாக வருகிறது. இந்தக் கதவின் மரபணுவில் உள்ள பழுதே அதற்குக் காரணம் என்று 1998இல் தெரியவந்தது. கதவு முற்றாகக் கெட வேண்டியதில்லை. காற்பங்கு வலு குறைந்தாலே போதுமாம்! தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆகவே, “இவன்ட வாப்பாவுக்கும் தொட்டில்ல கிடக்கக்குள்ள இப்படி இழுத்தது” என்று மாமிக்கு ஞாபகம் இருந்தால், அந்த ஒரு வார்த்தை வைத்தியருக்குப் பெரிய உதவி. குடும்பத்துக்கு இழுக்கு என்று நாம் மறைப்பதும் அதைத்தான்! ஆனால் அந்த ஞாபகத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. இதே மரபணுவின் வேறு பழுதுகள் பிள்ளையின் வளர்ச்சியையே பாதிக்கும். இரத்தத்தில் சீனி குறைந்தாலும், கல்சியம் குறைந்தாலும், கிருமி தொற்றினாலும் பச்சிளம் பிள்ளைக்கு வலிப்பு வரும். எது என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது.

“பொற்றாசியம் என்றால் வாழைப்பழமும் இளநீரும் கொடுத்தால் சரிதானே?” என்று கேட்பீர்கள். இல்லை. குறை பொற்றாசியத்தில் அல்ல, கதவில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிகப் பொற்றாசியம் ஆபத்தும்கூட. இந்தக் கதவையே திறந்து வைக்கும் ரெட்டிகபின் என்ற மருந்து 2011இல் வந்தது. தோலும் கண்ணும் நீலம் பாய்ந்ததால் பயன்பாடு குறைந்து, 2017இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. சோடியக் கதவை அடக்கும் கார்பமசபின் போன்ற பழைய மருந்துகள் இவ்வகைப் பிள்ளைகளுக்கு நன்றாகவே உதவுகின்றன.

வலிப்புள்ள ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பொறுத்தால் சுவர்க்கம் என்றார்கள். அப்பெண்ணும் பொறுமையையே தேர்ந்தார். விழும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டார். அந்தப் பெண்ணை யாரும் ஒதுக்கவில்லை. நம் ஊர்களில் குமர்ப் பிள்ளைக்கு வலிப்பென்றால் மருந்துப் போத்தலைக்கூட அலுமாரிக்குள் ஒளிக்கிறோம்.

பெரியவர்களோ பிள்ளைகளோ, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விலகிய ஆடையைச் சரிசெய்யுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. முதல் தடவை வந்தாலும், கைக்குழந்தைக்கு வந்தாலும் அந்த ஐந்து நிமிடக் கணக்கே வேண்டாம், உடனே புறப்படுங்கள்.

நோன்பு காலத்தில் குளிசையைத் தாமாக நிறுத்துபவர்கள் உண்டு. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னையிலும் கடுமையாகத் திரும்பலாம். தூக்கம் குறைவதும் வலிப்பைக் கிளப்பும். றமழானுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, சஹருக்கும் இப்தாருக்கும் ஏற்றபடி மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கவே இருக்கிறது.